லைலக் மரத்துக்கு நிரந்தர நியமனம்

எனக்கு ஒரு மரத்தைக் கண்டால் ஆகாது.

சென்ட் லோரன்ட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளி, நடைபாதை ஓரத்தில் நிற்கிறது. மர லைலக் என்று பெயர். யூன் மாதத்தில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. தாவரவியல்படி மல்லிகைக்குச் சொந்தம். எனக்கு அது ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்குக் கிடைக்காததெல்லாம் அதற்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நான் நகர வீதிமரத் தகுதிகாண் நிலையத்தில் தற்காலிக மதிப்பீட்டாளர். ஒரு சிறு பூமரத்தைத் தெருவில் நடலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஒரு முழு நிலையம் வேண்டுமா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட கடைசி ஊழியர் இப்போது கார்த் தரிப்பிடத்தில் அனுமதிச் சீட்டுக் கிழிக்கிறார். என்னுடைய ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி, அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டி எடுத்துத் தந்த பட்டம் அது. ஆகவே வெள்ளிக்கிழமை டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போனால், சப்பாத்தைக் கழற்ற முன்னமே ஒரு குரல் வந்துவிடும்.

"பிள்ளை இப்ப பேர்மனன்டே?"

"இன்னும் இல்லை, அன்ரி."

"எங்கட மருமகன் ஆறு மாசத்தில ஆயிட்டார்."

எல்லாரும் மூன்று வேண்டுதலோடு முருகனிடம் போவார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மரம் நட்ட அன்று இயக்குநர் மொசியூ கோத்தியே உரையாற்றினார். எங்களைப் பார்த்து அல்ல, மரத்தைப் பார்த்து.

"நீ எங்கிருந்து வந்தாய் என்று இந்த நகரம் கேட்காது. அதை உன் கழுத்தில் தொங்கும் பலகையில் ஏற்கெனவே எழுதிவிட்டோம். உன்னிடம் நாங்கள் எதிர்பார்ப்பது மிகச் சிறிது. மின்கம்பிக்குக் கீழேயே நிற்க வேண்டும். கொஞ்ச மண்ணில் வாழப் பழக வேண்டும். பனிக்காலம் முழுக்க உப்பைக் குடித்துவிட்டு, வசந்தத்தில் சிரித்த முகத்தோடு வர வேண்டும். வேரை அகல விரிக்கக் கூடாது. பூக்கலாம். ஆனால் அளவோடு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னை வேலைக்கு எடுத்த அன்றும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். மின்கம்பி மட்டும் புதிது.

அடுத்தது விதி. நாற்றுப் பண்ணையிலிருந்து பிடுங்கி நட்ட மரத்துக்கு இடப்பெயர்வு அதிர்ச்சி இருக்குமாம். எனவே முதல் மூன்று வருடம் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. வளரவில்லையா, பரவாயில்லை. இலை கொட்டியதா, ஆறுதலாக இருங்கள். "வேரோடு பிடுங்கப்பட்ட ஓர் உயிருக்கு அவகாசம் வேண்டும்" என்று சொல்லும்போது மொசியூ கோத்தியேயின் குரல் தழுதழுத்தது. எங்கள் அப்பா மட்டக்களப்பிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள் இரவு வேலைக்குப் போனவர். அவருடைய அதிர்ச்சியை யாரும் அளந்ததாக எனக்குத் தெரியாது.

மார்கழி வந்ததும் மரத்துக்குச் சணல் சாக்கில் சட்டை தைத்தார்கள். உப்புத் தெறிக்காமல் சுற்றிவரப் பலகை அடித்தார்கள். எனக்குப் பனிச் சப்பாத்து கேட்டேன். அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்றார்கள். மரமும் நிரந்தரமில்லையே என்றேன். மரம் நிரந்தரத்துக்கான பாதையில் இருக்கிறது, நீங்கள் புதுப்பித்தலுக்கான பாதையில் இருக்கிறீர்கள், இரண்டும் வேறு வேறு பாதை என்று விளக்கினார்கள். இரண்டு பாதையிலும் பனி முழங்காலுக்கு நின்றது.

பிறகு நாய். தெருமரம் என்றால் நாய்கள் காலைத் தூக்கும். அதை மரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கண்ட நாயை வைத்துப் பார்க்க முடியாது, அளவுத்திட்டப்படி ஒரு நாய் வேண்டும். அதற்காக நிலையத்தில் கப்பொரால் என்று ஒரு லப்ரடோர் இருந்தது. தொழிற்சங்கம் போராடி அதை நிரந்தரமாக்கியிருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் நான்தான் அதை மரத்தடிக்குக் கூட்டிப்போவேன். சங்கிலியின் ஒரு முனையில் நிரந்தரம், மறு முனையில் தற்காலிகம். ஒருமுறை அதற்குச் சிறுநீரகத்தில் கல் வந்து நீண்ட மருத்துவ விடுப்பில் போய்விட்டது, முழுச் சம்பளத் தீனியோடு. வேறு நாயைக் கொண்டு செய்யலாமே என்றேன். கூட்டத்தில் ஒரு பெண்மணி என்னை அதிர்ந்து பார்த்தார்.

"அதன் இடத்துக்கு இன்னொருவரா? அதன் மனநிலையை யோசித்தீர்களா?"

நாலாம் வருட யூனில் மரம் முதல்முறையாக முழுக்கப் பூத்தது. அந்த வருடம்தான் சஹானா நிலையத்தில் வந்து சேர்ந்தாள், அவளும் தற்காலிகம். அவளுடைய அப்பா சென்னையிலிருந்து வந்து இங்கே பேராசிரியராகப் பழம் தின்று கொட்டை போட்டவர். டொலார்ட்டில் தோட்டம் வைத்த வீடு. தனியார் பள்ளியில் படித்த பிரெஞ்சு. அவள் வாயைத் திறந்தால் கூட்டத்தில் எல்லாரும் முன்னால் சாய்வார்கள். நான் திறந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவள் கெட்டவள் என்றால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நல்லவள். என் பிறந்தநாளை நினைவு வைத்துக் கேக் கொண்டுவந்தாள். அதையும் தின்றுகொண்டுதான் பொறாமைப்பட்டேன்.

நிலையத்தில் எந்தப் பூமரமும் கடைசியில் தோற்பது நடைபாதையில்தான். பூ உதிரும், நனையும், வழுக்கும், யாரோ ஒரு கனவான் விழுவார், நகரசபைக்குத் தொலைபேசி வரும். காட்டு அப்பிள் மரம் அப்படித்தான் தோற்றது. மக்னோலியா மழையில் ஒரே நாளில் தோற்றது. லைலக்குக்கும் இதுதான் கடைசிப் பரீட்சை. காலை ஒன்பது மணிக்குப் போய் நடைபாதையில் கிடக்கும் பூவைப் பார்க்க வேண்டும்.

"துவாரகா, இங்க வந்து பாரேன்" என்று சஹானா கூப்பிட்டாள். "கீழ ஒரு இதழ் கூட இல்ல. சான்ஸே இல்லல்ல?"

"காத்து அடிச்சிருக்கும்."

"ஒரு வாரமாவா? எதிர்ல இருக்கிற மரத்துக்குக் கீழ எல்லாம் குப்பை அப்படியே கிடக்கு."

"அப்ப கூட்டுற மெஷின் போயிருக்கும்."

"இது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குது துவாரகா. நான் எழுதப் போறேன். உன் பேரையும் சேர்த்துப் போடட்டுமா?"

"இந்த விசர்க் கதையில என்ர பேர் வேண்டாம்" என்றேன். படித்த திமிர்.

அவள் தன் பேரை மட்டும் போட்டு எழுதினாள். தன்தூய்மை மரம். நிலையம் குலுங்கியது. ஆராய்ச்சிக் குழு குழுவாக வந்து வெறும் நடைபாதையைக் குனிந்து பார்த்தது. ஒரு முதியவர் முழங்காலிட்டுக் கையால் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். வாசனை உபகுழு, இந்த மரத்தின் மணம் "இருப்பா, ஊடுருவலா" என்று நடத்திவந்த விவாதத்தை ஒரே பிற்பகலில் முடித்து, "விருந்தோம்பல்" என்று தீர்மானம் போட்டது. பூ முடியமுன்னமே நகரம் முழுக்க நட ஆணை போய்விட்டது. மேடை போட்டார்கள். அன்று மரமும் சஹானாவும் ஒரே மேடையில் நிரந்தரமானார்கள். மரத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, சஹானாவுக்கு ஒரு பூங்கொத்து. நான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் அதே லைலக் வாசம். ஒரு கிழமையாகவே வீட்டில் அந்த வாசம்தான், என் உடுப்பில் ஒட்டிவந்தது என்று நினைத்திருந்தேன். அன்று ஆத்திரத்தில் உடுப்பைக் கழற்றி மெஷினில் போட்டேன். வாசம் போகவில்லை. மூக்கு காட்டிய வழியே போனால் சாமித்தட்டில் முருகனே தெரியவில்லை. வெள்ளைப் பூக்குவியலுக்குள் வேல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது எங்கால?"

"ரோட்டு மரத்திலதான் மகள். நானும் பக்கத்து வீட்டு மரியம்மாவும் விடியப்போய் எடுக்கிற. அவ மாதாவுக்கு, நான் முருகனுக்கு. மிச்சத்தைக் கோயிலுக்குக் குடுத்து விடுவம்."

"எப்படி எடுக்கிறீங்க?"

"கொப்புக்குக் கீழ பழைய சேலையை விரிச்சிப் பிடிச்சிப்போட்டு, குடைக் கொழுக்கியால ஒரு உலுக்கு. விழப்போற பூவெல்லாம் சேலைக்க விழுந்திரும். நிலத்தில பட்டா சாமிக்கு ஆகாதெல்லோ."

"அம்மா, அது பரிசோதனை மரம்! அதில பலகை தொங்குது!"

"அது பிரெஞ்சிலயெல்லோ இரிக்கு."

நான் இரவு முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் பொய். தேத்தண்ணி ஆறமுன்னமே முடிவெடுத்துவிட்டேன். சஹானாவின் மரம் தன்னைத்தானே சுத்தம் செய்யவில்லை, எங்கள் அம்மாதான் செய்கிறார். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? இதை உண்மைப் பற்று என்று வேண்டுமானால் சொல்லலாம். மறுநாள் காலை மொசியூ கோத்தியேயின் அறைக்குள் போய்ச் சேலை, குடை, முருகன், மாதா எல்லாவற்றையும் சொன்னேன். இனி மேடையைத் திரும்பப் போடுவார்கள், இந்த முறை எனக்கு, என்று நினைத்தேன்.

அவசரக் கூட்டம் கூடியது. மொசியூ கோத்தியே எழுந்தார்.

"இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, நாம் தவறிவிட்டோம் என்பது. அது எங்கள் பணி எல்லைக்குள் வரவில்லை. மற்றது, இந்த மரம் தன்னைச் சுத்தம் செய்ய ஒரு சமூகத்தையே வரவழைத்திருக்கிறது என்பது. நண்பர்களே, எந்த மரம் இதைச் செய்திருக்கிறது? மக்னோலியா செய்ததா?"

மக்னோலியா செய்யவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆணை போன மரங்களைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே புதிதாக ஒரு பதவி உருவாக்கப்பட்டது. மலர் உதிர்வு முன்தடுப்பு அலுவலர். நிரந்தரம். பூ இரண்டு கிழமைதான், பதவி வருடம் முழுக்க. நான் அன்றே விண்ணப்பித்தேன். தாவரவியல் பட்டம், நாலு வருட அனுபவம், அந்த மரத்தின் ஒவ்வொரு கொப்பையும் தெரியும். பதில் கெதியாக வந்தது. என் கல்வி பதவிக்கு மிஞ்சியது, சேலை அனுபவம் போதாது.

அம்மாவை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். என் முறைப்பாட்டில் நான்தானே பெயரைக் கொடுத்திருந்தேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு "பொன்ஜூர்" வரைதான், அதனால் மொழிபெயர்க்க என்னையே உட்கார வைத்தார்கள். ஏடாகூடமாக மாற்றிச் சொல்லவும் வழியில்லை. எதிரில் தமிழ் தெரிந்த சஹானா, குழு உறுப்பினராக.

"வேட்பாளரின் பணிமுறை என்ன?" என்றார் மொசியூ கோத்தியே.

"எப்படிப் போய்ப் பூ எடுப்பீங்க எண்டு கேக்கிறார், அம்மா."

"விடிய முழுகிப்போட்டுப் போவன். போகக்குள்ள ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல. கதைச்சா எச்சில் தெறிக்கும்."

முழுச் சுகாதாரத்தோடும் மௌனத்தோடும் வேலை செய்வார் என்று சொன்னேன். மொசியூ கோத்தியே பேனையைக் கீழே வைத்தார். "மௌனம்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார், மௌனமாக.

"நிலத்தில் விழுந்த பூக்களைப் பற்றி?"

"அது ஆகாது" என்றார் அம்மா.

"நிலத்தைத் தொட்டது தரமற்றது என்கிறார்."

"நாங்கள் இதை எழுத எத்தனை கூட்டம் கூடினோம்!"

"சம்பள எதிர்பார்ப்பு?"

"ஐயோ மகள், சாமிப்பூவுக்கு ஆரும் காசு வாங்குவாங்களா? பாவம் சுத்தும்."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சொல் மாற்றாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். பிறகு மொசியூ கோத்தியே எழுந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பணத்துக்காக வராத ஒரு மனிதரை இந்த நிலையம் திறந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தாராம். அதனால் உச்சச் சம்பளம்.

வெளியே வந்ததும் சஹானா என்னைக் கட்டிப்பிடித்தாள். "உங்கம்மாவா அவங்க? சொல்லவே இல்லையே! செம க்யூட்."

பாவம் சுத்தும் என்ற அம்மா வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியம்மாதான் தொலைபேசியில் தெளிவுபடுத்தினார். "காசு பூவுக்கில்லகா, உலுக்கிறதுக்கு." வேதநூல்களில் இவ்வளவு தெளிவு இராது. அம்மா பனிக்காலம் முழுக்க நிரந்தரமாக அலுவலகத்தில் இருந்து, வராத பூவுக்கு ஆயத்தமானார். நிலையம் அவருக்குப் பனிச் சப்பாத்து கொடுத்தது. எனக்கு அவருடைய மொழிபெயர்ப்பாளராக ஆறு மாதம் கொடுத்தது. கோயிலில் இப்போது கேள்வியும் மாறிவிட்டது.

"அம்மாவே பேர்மனன்ட். பிள்ளைக்கு என்ன குறை?"

அடுத்த யூன் வந்தது, கூடவே விதிகளும் வந்தன. அலுவலர் காலை ஒன்பதுக்கு முன் மரத்தைத் தொடக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம். சேலைக்குப் பதில் நிலையம் தரும் மஞ்சள் தார்ப்பாய். சேர்ந்த பூ நகரத்தின் சொத்து, பசளைக் கிடங்குக்குப் போக வேண்டும். ஒரு பூவை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் பதவி போய்விடும்.

"அப்ப முருகனுக்கு?" என்றார் அம்மா.

"கடையில வாங்குங்க. நீங்க உச்சச் சம்பளம்தானே."

"ரோட்டில மரம் முழுக்கப் பூ இரிக்க, பிளாஸ்டிக்கில சுத்தின பூவையா வைக்கச் சொல்ற? நீ ஒருக்கா விடியப்போய் உலுக்கிப்போட்டு வா மகள். நான் போய்ப் பிடிபட்டா வேலை போயிரும். உனக்கெண்டா என்ன, தற்காலிகம்தானே."

பட்டமளிப்பில் கட்டிய சேலையைத்தான் எடுத்துக்கொண்டு போனேன், வீட்டில் அதுதான் உபயோகமில்லாமல் கிடந்தது. சூரியன் கிளம்பும் நேரம், தெருவில் பேக்கரி வான் மட்டும். நான் பிடித்தேன், மரியம்மா அன்ரி உலுக்கினார்.

"நல்லா அகலப் பிடிகா, படிச்ச பிள்ளையெல்லா!"

ஒன்பது மணிக்கு அம்மா தலைக்கவசத்தோடு வந்து தார்ப்பாயை விரித்துவிட்டு நின்றார். உதிர ஒன்றும் மிச்சமில்லை. தார்ப்பாய் வெறுமை, நடைபாதை வெறுமை. நாளுக்கு நாள் இதே கதை. மொசியூ கோத்தியே நேரில் வந்து பார்த்தார். பூ முடிந்த கிழமை பெரிய கூட்டம் கூட்டிச் சொன்னார்:

"இந்தப் பெண்மணி மரத்தைத் தொடுவதுகூட இல்லை. நிற்கிறார். மரம் புரிந்துகொள்கிறது. இதைத்தான் நான் தலைமைத்துவம் என்பேன்."

அம்மா மேற்பார்வையாளரானார். மேற்பார்வையாளருக்கு ஓர் உதவியாளர் வேண்டும், அதுவும் நிரந்தரப் பதவி, அதற்கு மேற்பார்வையாளரின் பரிந்துரை ஒன்றே போதும். மொழிபெயர்ப்பாளராக ஏற்கெனவே கூடவே இருக்கிற பெண்ணைப் போடலாமா என்று மொசியூ கோத்தியேயே கேட்டார். நான் நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பினேன்.

அம்மா மேசையின் அந்தப் பக்கம், நிலையத்தின் அடையாள அட்டை கழுத்தில். நான் இந்தப் பக்கம். சஹானா ஓரத்தில் புன்னகையோடு.

"அம்மா, என்னை நிரந்தரமாக்கலாமோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டா காணும்."

அம்மா அட்டையை நேராக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கண்டிருக்கிறேன் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை, பக்கத்தில் மொசியூ கோத்தியேயும் அதே மாதிரித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை கெட்டிக்காரி. குறை சொல்ல ஏலா" என்றார் அம்மா. "ஆனா கொஞ்சம் துடுக்கு. பெரியாக்களோட முகத்தில அடிச்சாப்போலக் கதைப்பா. இன்னுமொரு ஆறு மாசம் பாப்பமே?"

"என்ன சொல்கிறார்?" என்றார் மொசியூ கோத்தியே.

சஹானா என்னைப் பார்த்தாள். புன்னகை போயிருந்தது. நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மொசியூ கோத்தியே மெதுவாகக் கை தட்டத் தொடங்கினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் அம்மாதான் முதலில் கதைத்தார்.

"கோவமா மகள்?"

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"நான் ஓம் எண்டிரிந்தா, தாய் மகளுக்கு வேலை எடுத்துக் குடுத்திட்டா எண்டு ஆக்கள் கதைப்பாங்க. கோயில் பக்கம் தலை காட்ட ஏலா."

"பேர்மனன்டா பேர்மனன்டா எண்டு கேக்கிறதும் அதே ஆக்கள்தானே அம்மா!"

"ரெண்டையும் கேப்பாங்கதான். அவங்களுக்கென்ன" என்று சொல்லிச் சிரித்தார்.

கடைவாயில் ஒரு பல் பளிச்சென்றது. நிரந்தர ஊழியர்களுக்கான பல் காப்புறுதியில் போன கிழமைதான் கட்டினார். அழகாகத்தான் இருந்தது.